நிழல்வலைக்குள் 25 நாள்



ஆனி பிறந்துவிட்டது. நேற்று மாலை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் வழியில் பார்த்தேன், கீழத்தெருவில் திண்ணை வைத்த வீடுகளில் எல்லாம் கருப்புக் குழித்தட்டுகள் ஏறிவிட்டன. ஒரு வீட்டில் பிள்ளைகள் தார்ப்பாயில் கொட்டிய தேங்காய் நார்க்கழிவை நனைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டில் பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து விதை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேத்தி ஆள்காட்டி விரலால் குழி குழியாக அழுத்திக்கொண்டு போக, பாட்டி பின்னாலேயே தக்காளி விதையை ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டு வந்தார். ஒரு தட்டுக்கு 98 குழி, ஒரு குழிக்கு ஒரு விதை. "ரெண்டு விழுந்துட்டா ஒண்ண எடுத்துரு தாயி, ஒண்ண ஒண்ணு வாழ விடாது" என்று பாட்டி சொன்னது காதில் விழுந்தது. நற்கருணையோடு போகிறவன் நின்று பேசுவது முறையில்லை என்று கடந்து வந்துவிட்டேன். ஆனாலும் அந்த இரண்டு பேரின் கைகளும் இரவு முழுக்க என் கண்ணுக்குள் இருந்தன.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் அனுப்பும் ஊர் நம்முடையது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர், அதிலும் பாதி குத்தகை. ஆடிப் பட்டத்தில் வயலில் நட வேண்டுமென்றால் ஆனியிலேயே நாற்று தொடங்கியாக வேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30, 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் வரை. அந்த நாள்கள் முழுதும் செடி வயலைப் பார்ப்பதில்லை. திண்ணையிலும் நிழல்வலைக்குள்ளும் நம் கண் எட்டுகிற தூரத்திலேயே வளர்கிறது. அந்த நாள்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இன்று நாம் கேட்ட நற்செய்தி மாற்கு நான்காம் அதிகாரம். ஒருவர் நிலத்தில் விதைக்கிறார். இரவில் தூங்குகிறார், பகலில் எழுந்து தம் வேலையைப் பார்க்கிறார். விதை முளைக்கிறது, வளர்கிறது, எப்படி என்று அவருக்கே தெரியாது. இந்தச் சின்ன உவமை மாற்கு நற்செய்தியில் மட்டுமே இருக்கிறது. நிலம் தானாகவே பயன் தருகிறது என்று சொல்ல மாற்கு கையாண்ட கிரேக்கச் சொல்லின் வழியில்தான், நம் கிணற்று மோட்டாருக்கு மாட்டியிருக்கிறோமே 'ஆட்டோமேட்டிக்', அந்தச் சொல் வந்தது.

நாற்று விடுகிற உங்களுக்கு இந்தத் 'தானாக' என்ற சொல் கொஞ்சம் உறுத்தலாம். காலையும் மாலையும் பூவாளி தூக்குவது யார்? எலி வராமல் இரவில் எழுந்து பார்ப்பது யார்? தானாக எங்கே வளர்ந்தது, சாமி? கேட்க வேண்டிய கேள்விதான். நீங்கள் தண்ணீர் விடுகிறீர்கள், மூடுகிறீர்கள், திறக்கிறீர்கள். ஆனால் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 300 எண்ணிக்கை வரும் அந்த ரோமம் படர்ந்த சின்ன விதையை உள்ளிருந்து பிளப்பது உங்கள் கை இல்லை. அந்த ஒரு வேலையை ஆண்டவர் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதனால்தான் நாம் தூங்க முடிகிறது. பிள்ளையைப் பற்றிய கவலையில், கடனைப் பற்றிய கவலையில் தூக்கம் தொலைத்தவர்கள் இந்தக் கோவிலில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உவமையில் வரும் விவசாயி தூங்கினான் என்பதை ஆண்டவர் குறையாகச் சொல்லவில்லை. அவன் தூங்கிய இரவிலும் விதை வளர்ந்தது.

அன்புக்குரியவர்களே, விதை போட்டு முடித்ததும் என்ன செய்கிறோம்? தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் சுற்றி மூடி, வீட்டு மூலையில் வைத்துவிடுகிறோம். உள்ளே இருட்டு, வெதுவெதுப்பு, ஈரம். மூன்று நான்கு நாள் யாரும் திறப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே எதுவுமே நடக்கவில்லை.

உங்கள் வாழ்க்கையில் இப்படி மூடி வைக்கப்பட்ட நாள்கள் இருந்தனவா? செபித்தும் பதில் வராத நாள்கள். கணவர் இறந்த பிறகு வீட்டுக்குள்ளேயே கிடந்த மாதங்கள். வேலை போய், ஊர் திரும்பி, வெளியே தலைகாட்டக் கூசிய காலம். 'ஆண்டவர் என்னை மூலையில் வைத்து மறந்துவிட்டார்' என்று ஒப்புரவு அருள்சாதனத்தில் அழுதவர்கள் உண்டு. அவர்களிடம் நான் நீண்ட விளக்கம் எதுவும் சொன்னதில்லை. மூலையில் வைத்தவருக்கு எந்த நாளில் திறக்க வேண்டும் என்று தெரியும் என்று மட்டும் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

நான்காம் நாள் காலை தாளை விலக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் இந்த வாரம் பக்கத்து வீட்டில் போய்ப் பாருங்கள். தக்காளி முளை நிமிர்ந்துகொண்டு வெளியே வருவதில்லை. கழுத்தைக் கொக்கிபோல வளைத்து, முதுகால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வருகிறது. தலை இன்னும் உள்ளேதான் இருக்கும். அந்தத் தலைக்குள்தான் வருங்காலச் செடி முழுவதும் இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் கழுத்து வளைந்துகொடுக்கிறது. வெளிச்சம் பட்ட பிறகே மெல்ல நிமிர்கிறது. சில முளைகளில் விதையின் தோல் கழன்றிருக்காது, இரண்டு இலையையும் சேர்த்துக் கவ்விக்கொண்டு தொப்பிபோல மேலேயே நிற்கும். அவசரக்காரர்கள் அதை விரலால் பிடுங்குவார்கள், இலையும் சேர்ந்து கிழிந்து வரும். கைப்பக்குவம் உள்ளவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தோல் ஊறித் தானே விழும்.

இப்போது உங்களிடம் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு பங்கு இல்லத்தின் பின்கட்டில் நானும் பத்துத் தட்டு தக்காளி விதைத்தேன். நிலம் இல்லாத நம் பங்குமக்கள் சிலருக்கு வீட்டுத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம் என்று எண்ணம். அடுக்கி மூடி வைத்த இரண்டாம் நாள் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போனேன். நான்காம் நாள் வந்து திறந்திருக்க வேண்டும். கூட்டம் நீண்டது, ஆறாம் நாள் இரவுதான் திரும்பினேன். விடிந்து தாளை விலக்கியபோது உள்ளே இருந்ததை நாற்று என்று சொல்ல முடியாது. வெளுத்த நூல் நூலாக நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. பச்சை என்பதே இல்லை. மேல்தட்டின் அடிப்பக்கம் முட்டி மடங்கிக்கிடந்த தலைகளைப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. என் கைக்கு ஒப்படைக்கப்பட்ட உயிர்கள் அவை. என் கவனக்குறைவால் இருட்டிலேயே கிடந்துவிட்டன.

எல்லாவற்றையும் எருக்குழியில் கொட்டிவிடலாம் என்று தட்டைத் தூக்கினேன். அப்போது கோவில் வாசல் தெளிக்க வந்த ஒரு பாட்டி, உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர்தான், பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, தட்டை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "பாவம் சாமி, வெளிச்சத்தத் தேடி ஓடிருக்கு" என்றார்.

பிரியமானவர்களே, அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த இரக்கத்தை நான் எந்த இறையியல் வகுப்பிலும் கேட்டதில்லை. நான் கண்டது கெட்டுப்போன நாற்று. அவர் கண்டது வெளிச்சத்தைத் தேடிய நாற்று. வெளுத்துப்போன அந்த நீளம் முழுவதும் ஓர் ஏக்கத்தின் நீளம். வழிதவறிய ஒரு பிள்ளையைப் பற்றி, குடியில் விழுந்த ஒரு தகப்பனைப் பற்றி நாம் பேசும்போது இப்படிப் பேசுகிறோமா? 'நெட்டையாப் போச்சு, இனி தேறாது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோமா? அவனும் எதையோ தேடித்தான் ஓடியிருப்பான் என்று நினைத்துப் பார்க்க நம்மில் எத்தனை பேருக்கு மனம் வருகிறது?

பாட்டி அன்று முழுக்க என்னோடு உட்கார்ந்தார். முதலில் தட்டுகளை நிழலான வெளிச்சத்தில் பிரித்து வைக்கச் சொன்னார். நான்கைந்து நாளில் பாதிக்குமேல் பச்சை பிடித்தன. பிறகு பெரிய பைகளில் நார்க்கழிவும் மட்கிய எருவும் கலந்து நிரப்பி, ஒவ்வொரு நாற்றையும் கழுத்தளவு உள்ளே இறக்கினார். வேர் மட்டும் மண்ணுக்குள் போனால் போதாதா என்று கேட்டேன். "தக்காளிக்கு அந்தக் குணம் இருக்கு சாமி. தண்டு மண்ணுக்குள்ள போனா தண்டுலயே வேர் விடும். கத்தரி, மிளகாயெல்லாம் இப்படிக் கேக்காது" என்றார். பத்து நாள் கழித்து ஒரு பையைக் கிழித்துக் காட்டினார். நான் வெட்கப்பட்ட அந்த வெளுத்த தண்டின் பக்கவாட்டில், அடியிலிருந்து கழுத்துவரை, வெள்ளை வெள்ளையாக வேர் இறங்கியிருந்தது. எது அதன் பலவீனமாக இருந்ததோ அந்த நீளம் முழுவதும் வேராகியிருந்தது.

புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில் திருமுழுக்கை அடக்கம் என்று சொல்கிறார். கிறிஸ்துவோடு நாம் புதைக்கப்பட்டோம், அவரோடு புதுவாழ்வுக்கு எழும்பவே புதைக்கப்பட்டோம் என்பது அவர் போதனை. பல ஆண்டுகள் அதை நானும் படித்து விளக்கியிருக்கிறேன். அந்தக் கிழிந்த பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அன்றுதான் எனக்கு விளங்கியது. ஆண்டவர் நம் பலவீனத்தை வெட்டி எறிவதில்லை. அதைத் தம் சாவுக்குள், தம் மண்ணுக்குள் கழுத்தளவு இறக்குகிறார். பேதுரு மூன்று முறை மறுதலித்தார். அந்த மறுதலிப்பு மூடி மறைக்கப்படவில்லை. கடற்கரையில் மூன்று முறை அன்பைக் கேட்டு, அந்த இடத்திலேயே வேர்விடச் செய்தார் உயிர்த்த ஆண்டவர். உங்களுக்கு எந்த நினைவு கூச்சமாக இருக்கிறதோ அதை இன்று பலிபீடத்தின் முன் கொண்டுவாருங்கள். அது வேர்விடும் இடமாகலாம்.

முளைத்த தட்டுகளைப் பிறகு நிழல்வலைக்குள் வைக்கிறோம். பாதி வெயிலை மட்டும் உள்ளே விடும் பச்சை வலை. நடுப்பகல் வெயில் நேரடியாகப் பட்டால் இரண்டு இலைப் பிஞ்சு ஒரே நாளில் சுருண்டுவிடும். வெயிலே இல்லாவிட்டால் வெளுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு. அந்த அளவுக்குப் பெயர் என்ன என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு நாசரேத்து நினைவுக்கு வந்தது.

நம் ஆண்டவர் பணியைத் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். அதுவரை? பன்னிரண்டு வயதில் கோவிலில் ஒருமுறை பார்க்கிறோம். பிறகு திரும்பிப் போய் மரியாவுக்கும் யோசேப்புக்கும் பணிந்து நடந்தார், ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்து வந்தார் என்பதோடு சரி. உலகத்தை மீட்க வந்தவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு தச்சரின் வீட்டு நிழலில் கழித்தார். யாரும் வந்து கூட்டம் கூடவில்லை, புதுமை எதுவும் நடந்ததாகச் சொல்லப்படவில்லை. இறைமகனுக்கே ஒரு நாற்றங்கால் தேவைப்பட்டது. அதை நடத்தியவர்கள் ஒரு தாயும் ஒரு தொழிலாளியும். ஆகவே, வீட்டில் சோறாக்கி, பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பி, மாலையில் செபமாலை சொல்லி நாள்களைக் கழிக்கும் தாய்மார்களே, 'நான் ஆண்டவருக்கு என்ன செய்துவிட்டேன்' என்று இனிக் கேட்காதீர்கள். நீங்கள் நாசரேத்தில் இருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நாம் நிறையத் தவறுகிறோம். நாற்றழுகல் எதனால் வருகிறது? நேற்றுவரை நன்றாக நின்ற நாற்று காலையில் அடித்தண்டு மெலிந்து, தண்ணீரில் வெந்ததுபோல மடிந்து கிடக்கும். பூஞ்சணம் ஒரு காரணம். ஆனால் அந்தப் பூஞ்சணத்துக்கு இடம் கொடுப்பது பெரும்பாலும் நாம் ஊற்றும் மிகுதியான தண்ணீரும், காற்றுப் புகாத நெருக்கமும்தான். காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஊற்றி ஊற்றியே கொன்றுவிடுகிறோம். விதை நேர்த்திக்கு ட்ரைக்கோடெர்மா கலந்தாலும், ஊற்றும் கை அடங்காவிட்டால் பயனில்லை. பெற்றோரே, இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளை கேட்குமுன் கொடுப்பது, அவன் செய்த தப்புக்கு நீங்களே போய் மன்னிப்புக் கேட்பது, அவன் மூச்சுவிடும் இடத்தையும் நீங்களே நிரப்புவது, இதெல்லாம் அன்பிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் கொஞ்சம் காற்று விடுங்கள்.

நடுவதற்கு முன் கடைசி மூன்று நான்கு நாள் தண்ணீரைக் குறைத்து, வலையை விலக்கி, நாற்றைத் திறந்த வெயிலில் வைக்கிறோமே, அதைக் கடினப்படுத்துதல் என்று வேளாண்மைத் துறையில் சொல்கிறார்கள். பார்க்கக் கடுமையாக இருக்கும். மதியத்தில் இலை சோர்ந்து தொங்கும். ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஆனால் அந்த நான்கு நாளைத் தராமல் வயலுக்குக் கொண்டுபோனால், நட்ட மறுநாளே அது மண்ணில் படுத்துவிடும். திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் நம் பிள்ளைகள் இந்த மாதம் படிக்கவும் வேலைக்கும் போகிறார்கள். பேருந்து நிலையத்தில் அழுதுகொண்டே அனுப்பிவைத்த தாய்மாரைப் பார்த்தேன். ஆண்டவரின் இரக்கம் வலைக்குள் மட்டும் இல்லை, வெயிலிலும் இருக்கிறது. வாடிப்போன எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே என்று சாவைக் கேட்டபோது, ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பி, இன்னும் தூரம் இருக்கிறது, சாப்பிடு என்றார். உங்கள் பிள்ளை விடுதியில் முதல் வாரம் தொலைபேசியில் அழுதால், உடனே கூட்டிவந்துவிடாதீர்கள். இரண்டு முறை எழுப்பிச் சாப்பிடச் சொல்லும் வானதூதர் அங்கேயும் இருப்பார்.

இன்னும் ஒரு கணக்கு என்னை விடாமல் பிடித்திருக்கிறது. தக்காளி விதைக்கும் கத்தரி விதைக்கும் நூற்றுக்கு 70 முளைத்தால் போதும் என்கிறது நம் நாட்டு விதைச் சான்றளிப்புத் தரம். மிளகாய்க்கு 60. நியாயமான கணக்குதான், விதை விற்பவரும் வாங்குபவரும் அதை ஏற்றுக்கொள்கிறோம். 98 குழித் தட்டில் இருபது குழி காலியாக நின்றால் நாம் வழக்குக்குப் போவதில்லை. சட்டம் காலிக் குழிகளை மன்னித்துவிடுகிறது, சரியாகச் சொன்னால் மறந்துவிடுகிறது.

ஆனால் இயேசு சொன்ன ஆயரைப் பாருங்கள். அவரிடம் இருந்தவை நூறு. தொண்ணூற்றொன்பது பத்திரமாக இருக்க, ஒன்றைத் தேடிக் கிளம்புகிறார். எந்தச் சான்றளிப்புத் தரமும் ஏற்காத கணக்கு அது. அவர் மனதில் காலிக் குழி என்பதே கிடையாது. கருவிலேயே பிள்ளையை இழந்த தாய்மார் இந்தக் கோவிலில் இருக்கிறீர்கள். ஊரில் அந்தப் பிள்ளையை யாரும் எண்ணுவதில்லை, 'எத்தனை பிள்ளை?' என்று கேட்டால் நீங்களும் அதைச் சேர்த்துச் சொல்வதில்லை. ஆண்டவர் சேர்த்து எண்ணுகிறார். கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட மகனுக்காக ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டு உட்காரும் ஒரு தகப்பனை நான் பலிபீடத்திலிருந்து பார்க்கிறேன். அந்த இடமும் ஆண்டவர் கணக்கில் இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், மிளகாய் முளைக்கத் தக்காளியைவிட அதிக நாள் எடுக்கும். தக்காளி முளைத்த நாளில் மிளகாய்த் தட்டைப் பார்த்து, செத்துவிட்டது என்று யாரும் கொட்டுவதில்லை.

லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளர் குறுக்கே வருகிறார். இந்த ஓர் ஆண்டு விடுங்கள், சுற்றிக் கொத்தி எரு போடுகிறேன் என்று கெஞ்சுகிறார். மரத்துக்கு வாதாட மரத்தால் முடியாது. அதற்காகப் பேசியவர் அதன் அடியில் குனிந்து வேலை செய்யத் தயாராக இருந்தார். இரக்கம் என்பது வெறும் மன்னிப்புச் சொல் இல்லை என்பதை இங்கே பார்க்கிறோம். அது மண்வெட்டி எடுக்கிறது, எருக்கூடை சுமக்கிறது. உயிர்த்த ஞாயிறு காலையில் மகதலா மரியா ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள் என்கிறார் யோவான். அவள் முழுக்கத் தவறாக எண்ணிவிடவில்லை என்றே நான் நம்புகிறேன்.

உழவர்களின் பாதுகாவலர் புனித இசிதோரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. ஸ்பெயின் நாட்டில் மத்ரித் பக்கம் பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். 1622 மார்ச் 12ஆம் நாள் திருத்தந்தை அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று அவரோடு அறிவிக்கப்பட்டவர்களில் ஒருவர், நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்து நற்செய்தி சொன்ன புனித சவேரியார். கடல் கடந்து வந்த மறைப்பணியாளரும் தன் ஊர் வரப்பைவிட்டு அதிகம் போகாத கூலியாளும் ஒரே நாளில், ஒரே பீடத்தில். திருச்சபை இருவரையும் ஒரே தராசில்தான் நிறுத்தது.

அன்புக்குரியவர்களே, நாற்று நட்ட ஏழாம் நாள் வயலை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். எங்கெங்கே செடி காய்ந்து இடம் விட்டிருக்கிறதோ அங்கெல்லாம் மறுநாற்று வைப்போம். பாடுவாசி நிரப்புவது என்று சொல்கிறோம். அதற்கென்றே விவரமானவர்கள் தேவைக்குமேல் ஒன்றிரண்டு தட்டு கூடுதலாக விடுவார்கள். நம் அன்பியங்களிலும் பாடுவாசி இருக்கிறது. இந்த ஆண்டு நம்மைவிட்டு ஒதுங்கிய குடும்பங்கள் எவை என்று ஒவ்வோர் அன்பியத்துக்கும் தெரியும். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லப்பட்டது, வரி பாக்கிக்காக ஒரு பெயர் விடுபட்டது, ஒரு திருமணத்துக்கு அழைப்பு போகவில்லை. காரணங்களை நான் கேட்கப் போவதில்லை. யாருடைய தப்பு என்றும் விசாரிக்க வேண்டாம். இந்த வாரம் ஒரு வீட்டுக்கு மட்டும் போங்கள். போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு, அவர்கள் தரும் தண்ணீரைக் குடித்துவிட்டு வாருங்கள்.

திருப்பலி முடிந்ததும், நீங்கள் கோவில் படியில் கொண்டுவந்து வைத்திருக்கும் விதைப் பொட்டலங்களையும் தட்டுகளையும் மந்திரித்துத் தருகிறேன். யாரும் அவசரப்பட்டுப் போய்விட வேண்டாம், சின்னப் பிள்ளைகள் கையில் இருப்பதை முதலில் செய்வோம். இந்த ஆண்டும் பங்கு இல்லத்தின் பின்கட்டில் தக்காளி விதைத்திருக்கிறேன், பன்னிரண்டு தட்டு. நேற்றுக் காலை நான்காம் நாள், விடியுமுன் எழுந்து திறந்துவிட்டேன். ஆடி முதல் வாரத்தில் நடும் பக்குவத்துக்கு வந்துவிடும். நிலம் இருந்தும் நாற்று தவறியவர்கள், நிலமே இல்லாமல் வாசலில் இரண்டு பை வைக்க நினைப்பவர்கள், கோவிலுக்கு வந்து நாளாயிற்றே எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்கள், யாராக இருந்தாலும் ஒரு மாலை நேரத்தில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம். பின்கட்டுக் கதவு திறந்தே இருக்கும்.